சிரிக்கிற மூஞ்சிக்குப் புள்ளடி

டாக்டரான்னு கேக்குறீங்க. இல்லைங்க, நான் டாக்டருக்கு வாய். கொழும்புலருந்து வர்ற மிஸ் சிங்களத்துல பேசுவாங்க, அத நான் தமிழ்ல சொல்லுவேன். தோட்டத்துப் பொம்பளைங்க தமிழ்ல பேசுவாங்க, அத நான் சிங்களத்துல சொல்லுவேன். ரெண்டு பக்கமும் சிரிச்சா அவங்க நல்லா பேசினாங்கன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் முழிச்சா நான் சரியா சொல்லலன்னு அர்த்தம். எட்டு வருசமா இதுதான் பொழப்பு. அதுக்கு முன்ன பதுளை டவுன்ல ஒரு இரும்புக் கடையில ஆணி நிறுத்துக்கிட்டு இருந்தேன். கடை பூட்டினதும் ராத்திரி வகுப்புக்கு ஓடிக் கத்துக்கிட்ட சிங்களம்தான் இப்ப சோறு போடுது. நீங்களும் வீட்டுலயோ ஆபீஸ்லயோ ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு, அவங்க அப்பிடிச் சொல்லலங்க, இப்பிடித்தான் சொன்னாங்கன்னு ஒரு தடவையாவது மென்னு முழுங்கியிருப்பீங்க. அப்ப என் கஷ்டத்த உங்களுக்குத் தனியா வெளக்க வேணாம்.

இந்த வருசம் கெடச்ச வேல மனவலிமை வகுப்பு. கஷ்டம் வந்தா மனசு ஒடியாம எப்பிடி எழும்பி நிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்கணும். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பேர் வேணாம். வாரத்துக்கு ஒரு நாள், கொழுந்து நிறுத்து முடிஞ்ச பொறகு, புள்ளக் காம்பராவுல வகுப்பு. தாய்மாருங்க மலைக்குப் போகும்போது கைக்கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடம் அது. அதனால கதிரையெல்லாம் முழங்காலுக்குக் கீழ. நாப்பது அம்பது வயசுப் பொம்பளைங்க அதுல குந்திக்கிட்டு, செவத்துல ஒட்டியிருக்கிற ஆனை, முயல் படத்துக்குக் கீழ மனவலிமை படிச்சாங்க.

வந்தவங்க எல்லாரும் கீழ் லயத்து ஆளுங்க, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒட்டின காம்பராவுல ஆளுக்கு ஒன்னா பன்னெண்டு குடும்பம். அந்த லயத்துக்குப் பின்னால இருக்கிற மேடு வெடிச்சிருக்கு. வெடிப்புல கைய விடலாம், அவ்வளவு அகலம். ஆபீசருங்க வந்து பாத்து, செவத்துல சிவப்புப் பெயிண்ட்டால ஒரு நம்பர் போட்டு, இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்க இருக்கணும்னு சொல்லல. எங்க வகுப்ப நடத்துற அமைப்புதான் தகரமும் பலகையும் குடுத்து, மேல பழைய ஸ்டோருக்குப் பக்கத்துல இருக்கிற தட்டையான எடத்துல தற்காலிக வீடு போட்டுத் தர்றதா இருந்துச்சு. ஆனா இதே நெலமையில மூணு தோட்டம் இருக்கு. மொதல்ல வர்ற சாமான் ஒரு தோட்டத்துக்குத்தான் காணும், மத்த ரெண்டுக்கும் அடுத்த வருசம். ஐப்பசி மழையில மேடு சரியிறதுக்கு முன்ன அந்த லயத்த விட்டு வெளிய வந்துரணும். பன்னெண்டு குடும்பத்துக்கும் மனசுல இருந்தது அது ஒன்னுதான். மிஸ் மூச்சு விடச் சொன்னா விட்டாங்க, கண்ண மூடச் சொன்னா மூடினாங்க, எல்லாம் அந்த வீட்ட நெனச்சுத்தான்.

பிரஷர்

மொத வகுப்பு. உங்கள்ல யாருக்கெல்லாம் மன அழுத்தம் இருக்குன்னு கேக்கச் சொன்னாங்க மிஸ். புஸ்தகத்துல அந்த வார்த்ததான் இருக்கு, நானும் அதையே சொன்னேன். பத்துப் பேர் கை தூக்கிட்டாங்க. மிஸ்ஸுக்கு சந்தோசம் தாங்கல. இவ்வளவு மனசு தெறந்து பேசுற ஆளுங்கள நான் எங்கயும் பாத்ததில்லன்னு என் காதுல சொன்னாங்க. எவ்வளவு காலமா இருக்குன்னு கேட்டாங்க. ஒருத்தங்க அஞ்சு வருசம்னாங்க, இன்னொருத்தங்க கடைசிப் புள்ள பொறந்ததுலருந்துன்னாங்க. அதுக்கு என்ன பண்றீங்கன்னு கேட்டோம். உப்பக் கொறச்சிருக்கோம்னாங்க.

அங்கதான் எனக்கு வெளங்குச்சு. அழுத்தம்னா அவங்களுக்குத் தெரிஞ்சது ரத்தத்துல இருக்கிறதுதான். மிஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டு, பொம்பளைங்ககிட்ட மனசு பாரம்னு மாத்திச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு. மாத்திச் சொன்னது யார் காதுலயும் ஏறலன்னு அடுத்த வாரம் தெரிஞ்சுச்சு. நாங்க வேன்ல போய் எறங்கும்போது கிளினிக் கொப்பியோட வரிசையா நிக்கிறாங்க. சட்டைக் கையெல்லாம் மடிச்சு விட்டாச்சு.

வரிசையில மொத ஆளு பாக்கியம் அக்கா. கீழ் லயத்துல மூணாவது காம்பரா. வயசு அம்பது தாண்டிருச்சு, முப்பது வருசமா கொழுந்து எடுக்கிறாங்க. வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்து, நாலு வருசமா படுக்கையில. மிஸ் பாக்கும்போது என்ன சேர்ம்பாங்க, மிஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் தம்பிம்பாங்க. நான் பொறுமையா வெளக்கினேன், எங்ககிட்ட பிரஷர் பாக்குற மிஷின் இல்லைங்க, நாங்க மனசப் பாக்கத்தான் வந்திருக்கோம்னு. பூராவும் கேட்டாங்க. கொப்பிய மடியில சொருகிக்கிட்டே சொன்னாங்க:

"மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் சேர். பிரஷர் எவ்வளவுன்னுதான் தெரியல."

அமைதியான எடம்

மனசு தவிக்கும்போது கண்ண மூடிக்கிட்டு ஒரு அமைதியான எடத்த நெனச்சுப் பாக்கணும்ங்கிறது ரெண்டாவது பாடம். மிஸ் மெதுவா சொல்லச் சொல்ல நானும் ரேடியோவுல வாசிக்கிறவன் மாதிரி குரலக் கொறச்சுக்கிட்டு சொன்னேன். நீங்க ஒரு பச்சை மலையில நிக்கிறீங்க. லேசா பனி எறங்குது. குளுந்த காத்து. தூரத்துல ஒரு குருவிச் சத்தம். ஒத்தையடிப் பாதையில மெதுவா ஏறிப் போறீங்க. கொழும்புல பொறந்து வளந்தவங்களுக்கு இது சொர்க்கம்தாங்க, மிஸ்ஸ கொற சொல்ல முடியாது.

அஞ்சு நிமிசம் அப்பிடியே இருந்தாங்க. நான் ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். ஒருத்தர் மூஞ்சியிலயும் அமைதி வரல. நெத்தியெல்லாம் சுருங்கிருச்சு. ஒருத்தங்களுக்கு மடியில இருந்த கை ரெண்டும் தானா கொழுந்து கிள்ளுது. கண்ணத் தொறக்கச் சொன்னோம். எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டோம். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கடைசியா பாக்கியம் அக்காதான், மிஸ் சொன்ன எடம் எங்க பன்னெண்டாம் நம்பர் மலைங்க, நானும் போனேன்னாங்க. மிஸ் ஆசையா, போய் என்ன பாத்தீங்கன்னு கேட்டாங்க.

"பாதையில ஏறின ஒடனே கணக்கப்புள்ள வந்து நின்னுட்டாருங்க. இன்னிக்கு ஏன் லேட்டுன்னு கேட்டாரு."

வேன்

கோவம் வந்தா என்ன பண்ணணும்ங்கிறது அடுத்த வாரம். நாலு எண்ணுற வரைக்கும் மூச்ச இழுக்கணும், நாலு எண்ணுற வரைக்கும் விடணும். வகுப்பு நல்லாத்தான் முடிஞ்சுது. திரும்பி வரும்போது ஒரு முடக்குல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. ஒதுக்கி எடுக்கப் போய் வேன் பின்சில்லு ரோட்டோரக் கான்ல எறங்கிருச்சு. அந்த ரோட்டுல போனவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. போகாதவங்க புண்ணியம் பண்ணினவங்க.

டிரைவர் சுனில் ஜாக்க எடுத்துக்கிட்டு வேனுக்கு அடியில பூந்துட்டாரு. மிஸ் போன்ல சிக்னல் தேடி ஒரு கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, ஆபீஸ்ல யாரையோ புடிச்சு, இந்த மாதிரி வேன யார் அனுப்பச் சொன்னதுன்னு மலையே கேக்குற மாதிரி ஏசுறாங்க. சுனிலுக்குத் தமிழ் நல்லா வரும், பதுளைச் சந்தையில பழகினது. அடியிலருந்தே தமிழ்ல என்கிட்ட, மிஸ்ஸ நாலு எண்ணச் சொல்லுன்னாரு. மிஸ் போன எறக்கிட்டு, என்ன சொல்றாருன்னு கேட்டாங்க. கல்லு ஒன்னு கேக்குறாரு, சில்லுக்கு முட்டுக் குடுக்கன்னு சொல்லிட்டேன். மிஸ்ஸும் அவங்க நின்ன கல்லுலருந்து எறங்கி, அதப் பொரட்ட முடியுமான்னு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுனில் தலைய மட்டும் வெளிய நீட்டினாரு.

"ஏன் மச்சான் பொய் சொல்ற? மனவலிமை மிஸ்தானே, தாங்குவாங்க."

முடியாதுங்க

முடியாதுன்னு சொல்லப் பழகணும்ங்கிறதுதான் எல்லாத்துலயும் ஆபத்தான பாடம்னு எனக்கு அப்ப தெரியல. கத்தக் கூடாது, கெஞ்சவும் கூடாது, கண்ணப் பாத்து, காரணத்தச் சொல்லி, முடியாதுங்கன்னு ஒரே தடவ சொல்லணும். ரெண்டு ரெண்டு பேரா நடிச்சுப் பாக்கச் சொன்னோம். ஒருத்தர் கணக்கப்புள்ள, ஒருத்தர் வேலையாள். எல்லாருக்கும் கணக்கப்புள்ளயா நடிக்கத்தான் ஆசை. இடுப்புல கைய வச்சுக்கிட்டு அவர மாதிரியே தொண்டையச் செருமி அதட்டுறாங்க. ஆறு வாரத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் அந்தக் காம்பராவுல வாய் விட்டுச் சிரிச்சுக் கேட்டேன்.

அந்த வாரம் மூணு நாள் மழை. நாலாவது நாள் காலையில பெரட்டுல, அன்னன்னிக்கு யாருக்கு எந்த மலைன்னு பிரிக்கும்போது, கணக்கப்புள்ள எட்டுப் பேர வெடிப்புக்கு மேல இருக்கிற மலைக்குப் போகச் சொல்லியிருக்காரு. பாக்கியம் அக்கா கண்ணப் பாத்திருக்காங்க. மண்ணு ஈரமா இருக்கு, அங்க போக முடியாதுங்கன்னு சொல்லியிருக்காங்க. அவரு அடுத்த ஆளப் பாத்திருக்காரு. அடுத்த ஆளும் கண்ணப் பாத்து, அதே வார்த்தைய அதே ராகத்துல சொல்லியிருக்கு. எட்டுப் பேரும் பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிச்சிருக்காங்க. கடைசியில வேற மலைக்கு அனுப்பிட்டாங்க. அது நல்லதுதான். ஆனா அடுத்த வகுப்புக்குப் போனப்ப எனக்குத் தோட்டத்து ஆபீஸ்லருந்து ஆள் வந்துச்சு.

சின்னதொர, அதான் தோட்டத்து உதவி மேனேஜர், நல்ல மனுசன், வயசு முப்பதுக்குள்ள, தமிழும் பேசுவாரு. ஒக்காரச் சொல்லி டீ குடுத்தாரு. வகுப்புல என்னென்ன பாடம்னு கேட்டாரு. நான் மூச்சு, அமைதியான எடம் எல்லாத்தையும் முன்னால தள்ளி, இந்தப் பாடத்தக் கடைசியில மெதுவா சொன்னேன். மேசையில இருந்த பென்சில ரெண்டு தரம் உருட்டினாரு.

"மனசப் பலமாக்கத்தானே பெர்மிஷன் குடுத்தேன் மிஸ்டர். வாய யார் பலமாக்கச் சொன்னது?"

புள்ளடி

கடைசி வகுப்புல ஆளுக்கு ஒரு தாள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்னுக்கும் கீழ வரிசையா அஞ்சு மூஞ்சி வரைஞ்சிருக்கும். மொத மூஞ்சி அழுவுது, கடைசி மூஞ்சி பல்லத் தொறந்து சிரிக்குது, நடுவுல இருக்கிறதுங்க அழுவுறதுக்கும் சிரிக்கிறதுக்கும் நடுவுல. நான் கேள்விய வாசிப்பேன், அவங்க தங்களோட நெலமைக்கு ஒத்த மூஞ்சிக்குக் கீழ ஒரு அடையாளம் போடணும். எழுதத் தெரியாதவங்களும் இருக்காங்கன்னுதான் இந்த ஏற்பாடு. என்ன அடையாளம் போடச் சொல்றதுன்னு யோசிச்சேன். வட்டம், கோடுன்னு சொன்னா கொழம்பும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒன்னு இருக்கே, ஒவ்வொரு எலக்சனுக்கும் போட்டுப் பழகினதுன்னு தோணுச்சு. என் மூளைய நானே மெச்சிக்கிட்டு, உங்களுக்குப் புடிச்ச மாதிரி, சரின்னு படுற மூஞ்சிக்குக் கீழ ஒரு புள்ளடி போடுங்கன்னேன், வோட்டுச் சீட்டுல போடுற அந்தப் பெருக்கல் குறிதான்.

படக்குன்னு புரிஞ்சிருச்சுங்க. எட்டு வருசத்துல நான் சொன்ன ஒன்னு இவ்வளவு வேகமா புரிஞ்சதே இல்ல. ஒருத்தரும் திருப்பிக் கேக்கல. பக்கத்துல இருக்கிறவங்க பாக்காத மாதிரி கையால மறைச்சுக்கிட்டுப் போட்டாங்க. போட்டு முடிச்சதும் தாள நாலா மடிச்சாங்க. ஒருத்தங்க, பெட்டி எங்க வச்சிருக்குன்னு கேட்டாங்க. இன்னொருத்தங்க, வெரல்ல மை பூசலயான்னாங்க. நான் பகிடின்னு நெனச்சு சிரிச்சேன். அங்கயே எனக்கு ஒறைச்சிருக்கணும். மிஸ்ஸும் இவங்க இரகசியம் காக்குறதப் பாருங்கன்னு பாராட்டிக்கிட்டே தாள்கள வாங்கி பேக்ல வச்சாங்க. கடைசியா பாக்கியம் அக்கா வந்து அவங்க தாள நீட்டினாங்க. மிஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் குரலத் தாழ்த்திக்கிட்டு சொன்னாங்க:

"கவலப்படாதீங்க தம்பி. கீழ் லயம் பூரா ஒரே மூஞ்சிக்குத்தான். ஒரு வோட்டு மாறல."

மூணாவது எடம்

பத்து நாள் கழிச்சு பதுளை ஆபீஸ்ல மிஸ் என்னக் கூப்பிட்டாங்க. மூணு தோட்டத்துத் தாளும் மேசையில கெடக்கு. மிஸ் மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சம். நம்ம தோட்டம்தான் முதலாவது, கீழ் லயம் பூரா சிரிக்குது, பன்னெண்டு குடும்பத்துல ஒருத்தர் கூட நடு மூஞ்சிக்குக் கூட எறங்கலன்னாங்க. எனக்கும் ஒரு நிமிசம் பெருமையாத்தான் இருந்துச்சு. பொறகு மிஸ் தகரம், பலகை பத்தின லிஸ்ட எடுத்தாங்க. மனசு ரொம்ப ஒடிஞ்சவங்களுக்குத்தான் மொதல்ல வீடு, அத இந்தத் தாள வச்சுத்தான் தீர்மானிக்கிறாங்களாம். நம்ம ஆளுங்க நல்லா தேறிட்டாங்க, அதனால மூணாவது எடம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

இப்பிடி ஒரு கணக்கு இருக்குன்னு அதுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. பாருங்க நம்ம பொழப்ப. ஆறு வாரம் போய் மனவலிமை சொல்லிக் குடுக்கணும். குடுத்தது நல்லா ஏறியிருந்தா அவங்களுக்கு வீடு கெடையாது. என் பொழப்பு போனாலும் பரவால்லன்னு நடந்தத மிஸ்கிட்ட சொன்னேன். எங்க ஆளுங்களுக்குப் புள்ளடின்னா என்னன்னு சொன்னேன். அது இருக்கிற நெலமையச் சொல்ற அடையாளம் கெடையாது, யார் ஜெயிக்கணும்னு நெனைக்கிறாங்களோ அவங்களுக்குப் போடுறது. மிஸ் மொதல்ல சிரிச்சாங்க. பொறகு சிரிக்கல. ஒரு தாள எடுத்து, பத்துச் சிரிச்ச மூஞ்சிக்குக் கீழயும் அழுத்தி அழுத்திப் போட்டிருந்த புள்ளடியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். ஏசல.

"அப்ப இவங்க சிரிக்கிறோம்னு சொல்லல. சிரிப்பு வேணும்னு கேட்டிருக்காங்க."

அழுவுற மூஞ்சி

லிஸ்ட் மேல போறதுக்கு ஒரு வாரம் இருந்துச்சு. மறுபடியும் தாளத் தூக்கிக்கிட்டுப் போனோம். இந்தத் தடவ நான் ஒளிவு மறைவு இல்லாம சொன்னேன். இது எலக்சன் இல்ல, உங்களுக்கு நெசமா எப்பிடி இருக்கோ அந்த மூஞ்சியக் காட்டுங்க, வீடு இத வச்சுத்தான் கெடைக்கும். புள்ளடிங்கிற வார்த்தைய வாயிலயே எடுக்கல, வெரல வச்சுக் காட்டினா போதும்னேன். இனிமே சுலபம்னுதானே நீங்களும் நெனைப்பீங்க?

ஒருத்தரும் அழுவுற மூஞ்சியத் தொடலைங்க. ஒருத்தங்க, புது வீட்டுக்குக் கேக்கும்போது கண்ணீரக் காட்டிக் கேட்டா வெளங்குமான்னாங்க. இன்னொருத்தங்க, கொழும்புல கடையில நிக்கிற மகன் காதுக்குப் போனா அவன் வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான்னாங்க. மத்தவங்க எல்லாம் நடு மூஞ்சிக்கு வந்து நின்னுட்டாங்க, அழுவையும் இல்லாத சிரிப்பும் இல்லாத அந்தக் கோட்டு வாய்க்கு. மூணாவது எடத்துலருந்து ரெண்டாவது எடத்துக்கு வர்றதுக்கு அது போதும், மொத எடத்துக்குப் போதாது.

எனக்குக் கோவம் வந்துருச்சு. நானும் லயத்துல பொறந்தவன்தான், அந்த மூஞ்சி எங்களுக்கு எதுக்குப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சத்தம் போட்டேன். வீடு வேணுமா வேணாமான்னு கேட்டேன். மிஸ், ஏன் கத்துறீங்கன்னு கேட்டாங்க. பாக்கியம் அக்கா தாள மடியிலருந்து எடுத்து முன்னால இருந்த குட்டி மேசையில வச்சாங்க. மிஸ் நேரா பாத்துக்கிட்டு இருக்கும்போதே மொத தடவையா என்னத் தம்பின்னாங்க.

"வீடு வேணும் தம்பி. அதுக்காக அந்த மூஞ்சிக்குப் போட்டா, அப்புறம் அதுதானே ஜெயிக்கும்?"

கடைசி மூணு கோடு

அந்தத் தாள்ல மூஞ்சிங்களுக்குக் கீழ மூணு கோடு இருக்கும், வேற ஏதாவது சொல்லணுமான்னு. எந்தத் தோட்டத்துலயும் அதுல ஒரு எழுத்து விழுந்து நான் பாத்ததில்ல. மிஸ்கிட்ட கேட்டேன், மூஞ்சிய விட்டுருவோம், ஒரே ஒரு கேள்வி நானா கேக்குறேன்னு. மிஸ் சரின்னாங்க. எப்பிடி இருக்கீங்க, மனசு எப்பிடி இருக்குன்னெல்லாம் கேக்கல. மழை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்.

அதுக்கு ஒரு தயக்கமும் இல்லைங்க. சம்பல் எப்பிடி அரைக்கிறதுன்னு கேட்ட மாதிரி வரிசையா சொன்னாங்க. ஒருத்தங்க செருப்பு போட்டுக்கிட்டே படுப்பாங்களாம். ஒருத்தங்க அடையாள அட்டை, பொறப்பு சர்டிபிகேட் எல்லாத்தையும் பிஸ்கட் டின்ல போட்டு, வாசக் கதவுக்குப் பக்கத்துல ஆணியில தொங்க விட்டிருக்காங்க. இன்னொருத்தங்க சேலைத் தலைப்ப மக கணுக்கால்ல கட்டிட்டு அடுத்த முனைய தன் கையில சுத்திக்குவாங்களாம். மேட்டுச் சத்தம் கேக்கணும்னு டிவியப் போடுறதில்லன்னு ஒருத்தங்க சொன்னாங்க. பாக்கியம் அக்கா முறை வந்துச்சு. வீட்டுக்காரர எழுப்பித் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வர பதினோரு எட்டு, நடந்து பாத்து வச்சிருக்கேன், கட்டில இன்னும் கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டா ஒம்பதாக்கலாம், ஆனா அங்க கூரை ஒழுகுதுன்னாங்க.

மத்த நேரமா இருந்தா இதையெல்லாம் நான் அழகு பண்ணியிருப்பேன். கடும் பதற்றத்துல இருக்கிறாங்க, தூக்கம் பாதிக்கப்பட்டிருக்குன்னு நாலு நல்ல வார்த்தையாப் போட்டு நெரவியிருப்பேன். அன்னிக்கு அவங்க சொன்னத அவங்க சொன்ன மாதிரியே எழுதினேன். செருப்பு, பிஸ்கட் டின், பதினோரு எட்டு. மிஸ்ஸுக்கு அப்பிடியே சிங்களத்துல சொன்னேன். மிஸ் பாக்கியம் அக்காவப் பாத்து, உங்களுக்குப் பயமா இல்லயான்னு கேக்கச் சொன்னாங்க.

"பயமெல்லாம் இல்லைங்க, பழகிருச்சு. பழகிருச்சேன்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு."

லொறி

அந்தப் பன்னெண்டு தாளையும் மிஸ் தன் கையாலயே மீட்டிங்குக்குக் கொண்டு போனாங்க. என்ன பேசினாங்க, யார்கிட்ட சண்ட புடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது, அங்க என் வாய் தேவைப்படல. ஆனா லிஸ்ட் மாறிருச்சு. கீழ் லயம் மொதல்ல.

சந்தோசமா இருக்கலாம்னு பாத்தா அடுத்த தோட்டத்துல என்ன மாதிரியே மொழிபெயர்க்கிற ஒருத்தர் எனக்குப் போன் எடுத்தாரு. மொதல்ல அவங்களுக்குத்தான் வர இருந்துச்சு, இப்ப அவங்க ரெண்டாவது. அங்கயும் மேடு வெடிச்சுத்தான் இருக்கு, அங்கயும் கொழந்தை குட்டி இருக்கு. நான் நடந்தத பூராவும் சொன்னேன், ஒருத்தரும் அழலன்னு சொன்னேன். அவரு நம்பல. அவரு எடத்துல நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வைக்கிறதுக்கு முன்ன ஒன்னு சொன்னாரு, அது இன்னும் காதுல கெடக்கு.

"அடுத்த தடவ நானும் எங்க ஆளுங்களுக்கு ஒழுங்கா அழச் சொல்லிக் குடுக்கிறேன்."

இப்ப இந்த டீக் கடையில குந்திக்கிட்டு உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கிறது சாமான் லொறிக்காகத்தான். ரெண்டு மணிக்கு வரும்னாங்க, மணி நாலாகப் போவுது. மேல ஸ்டோர் பக்கத்துல எடத்த வெட்டிச் சமப்படுத்தி, கம்பெல்லாம் நட்டு வச்சிருக்காங்க. மேகம் அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டு இருக்கு, தூத்தலும் விழ ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்குத் தகரம் வந்தா நாளைக்குக் கூரை போட்டுரலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

இருங்க, அங்க கையாட்டிக்கிட்டு எறங்கி வர்றது பாக்கியம் அக்காதான். லொறி வந்துருச்சாம். ஆனா பாலத்துக்கிட்ட நிக்குதாம். ரோடு சரியில்ல, மேல ஏற மாட்டேன், தகரத்த இங்கயே எறக்கிட்டுப் போறேன்னு டிரைவர் சொல்றாராம். பாலத்துலருந்து ஸ்டோருக்கு ஒன்ற மைல் ஏத்தம். சிங்களத்துல பேச அங்க ஆள் இல்ல.

"சீக்கிரம் வாங்க தம்பி. நான் சொல்றத அப்பிடியே அந்தாளுக்குச் சொல்லணும், நாசூக்கெல்லாம் வேணாம்."

போறேங்க; இந்தத் தோட்டத்துல மனவலிமை இல்லாத ஆள் ஒருத்தர் கெடையாது, ஆனா தகரம் மேட்டுல ஏறணும்னா லொறிதான் வேணும்.